பக்கத்துல ஆள் வந்தாச்சா?

ஆகஸ்ட் 5, செவ்வாய். சிவகாசி

ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டது. எங்கள் பிழைப்புக்கு அன்றுதான் வருடப் பிறப்பு. இனி தீபாவளி வரை ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் பஸ், ஊர் ஊராக விடுதி. இந்த வருடம் பெங்களூர் லைனை அச்சக முதலாளி அண்ணாச்சி என்னிடம் கொடுத்திருக்கிறார். போன வருடம் வரை அது தங்கராஜுடையது.

"ஏத்தா மாரீஸ்வரி, நாளைக்குச் சாயந்தரம் ஏழு மணிக்கு அந்த ஜவுளிக்கட மொதலாளியப் பாத்துரணும். மனுசன் ரொம்பக் கறாரு. பிந்துனா லைனத் தங்கராசுக்கே திருப்பிக் குடுக்க வேண்டி வரும், பாத்துக்க" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் கட்டாயம் செய்வார்.

இந்த டைரியும் எங்கள் சரக்குதான். அடுத்த வருடத்தது. அட்டையைக் கோணலாக ஒட்டிவிட்டதால் என் கைக்கு வந்தது. அச்சடித்த கிழமை எதுவும் பொருந்தாது. அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர் இருக்கிறார். பல் தேய்க்கும் பிரஷ் எடுத்து வைக்க வேண்டும், போன தடவை மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன். பெங்களூர்

மதுரையில் காலை ஏழு மணிப் பஸ். எனக்கு ஜன்னல் சீட்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பூரணம். திருமங்கலத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், ஓசூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர முடியாதபடி, பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் தாய் வீடே பஸ் ஏறிப் போகிறது. எதையும் நான் கேட்கவில்லை. வாடிப்பட்டி வருவதற்குள் அவரே சொல்லி முடித்துவிட்டார்.

"பிள்ள பொறந்ததும் மொத மொத எங் கையிலதான் குடுக்கணும்னு மருமகன்கிட்டச் சொல்லிப்புட்டேன் தாயி. எங்கம்மா எம் மகள அப்பிடித்தான் வாங்குனா" என்றார். அதை மூன்று தடவை சொன்னார்.

திண்டுக்கல்லில் "கொமட்டுது தாயி" என்று என் ஜன்னலையும் வாங்கிக்கொண்டார். காலடியில் அவருடைய பெரிய கட்டைப்பை. பிரசவ லேகியம், மலைப்பூண்டு, பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணிகள். வாசனை பஸ் முழுக்க. என் கால் வைக்க இடம் இல்லாமல் சாம்பிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கரூரில் ஏதோ ஊர்வலம், பஸ் வெகுநேரம் நகரவில்லை. ஏழு மணி, ஏழு மணி என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாமக்கல் தாண்டிச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். பூரணம் அம்மா இறங்கும்போது, "நான் வார வரைக்கும் பஸ்ஸ எடுக்க விட்றாத தாயி. முட்டி வலி, மெதுவாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில். கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைச் சீட்டிலேயே சாப்பிட்ட மயக்கம். நான் கண் அசந்துவிட்டேன். கண்டக்டர் வழக்கம்போல "பக்கத்துல ஆள் வந்தாச்சா? பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நம் பஸ்களில் தலை எண்ணுகிற பழக்கம் ஏது? எல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் வாயில்தான் இருக்கிறது. யாரோ "வந்தாச்சு" என்றிருக்கிறார்கள். விழித்துப் பார்த்தால் சேலம். பக்கத்தில் ஆள் இல்லை.

பாவம்தான். ஓட்டலுக்குப் பக்கவாட்டில், குழாயடியில், பச்சைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருப்பார். அந்த வழியில் பஸ்ஸுக்கா பஞ்சம்? பையை அப்படியே விட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் எடுத்து வந்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு முன்பே ஜவுளிக்கடைக்குப் போய்விட்டேன். முதலாளி மைசூர் போயிருக்கிறாராம். நாளைக்கு வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன். பெங்களூர்

பெண்கள் விடுதி. ஒரு அறையில் எட்டுப் பேர், மேலும் கீழுமாகக் கட்டில்கள். எனக்கு மேல்கட்டில். ஏறி இறங்குவதற்குள் உயிர் போகிறது. கீழ்க்கட்டிலில் வினோதினி என்று திருப்பத்தூர்ப் பெண், வேலை தேடி வந்திருக்கிறாள். பெட்டிகளை வைக்கிற அலமாரியில் பை கொள்ளவில்லை. அதனால் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

"என்னக்கா, பிரசவ லேகிய வாசன வருது? யாருக்குக் கொழந்த?" என்று கேட்டாள் வினோதினி.

"தங்கச்சிக்கு" என்றேன். எனக்குத் தங்கை கிடையாது.

"எனக்கும் ரெண்டு நாளா வயிறு சரியில்லக்கா. ஒரு உருண்ட குடுங்களேன்."

கொடுக்காமல் எப்படி இருப்பது? டப்பாவைத் திறந்து கொடுத்தேன். மேலே வழவழவென்று தடவியிருந்ததில் ஒரு குழி விழுந்துவிட்டது. ஸ்பூனால் எவ்வளவு நிரவியும் அது மறையவில்லை.

பைக்குள் ஒரு பட்டன் போனும் இருக்கிறது. நேற்று விடுதிக்கு வந்ததிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. "எடுங்கக்கா, தங்கச்சியா இருக்கும்" என்றாள் வினோதினி. நான் எடுப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஜவுளிக்கடை ஆர்டர் கிடைத்தது. எட்டுக் கிளைக்கும் தினசரி காலண்டர், லட்சுமி படம். அண்ணாச்சி போனிலேயே ஒரு தடவை சிரித்தார். இந்தத் தடவை சும்மா சிரிப்பு. நான் நாலு வருடமாகக் காத்திருந்த செய்தி இது. சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றைய காலண்டர் தாளில் என் ராசிக்கு 'நிம்மதி' என்று போட்டிருக்கிறது. இந்த ஒற்றைச் சொற்களை எங்கள் அச்சகத்தில் யார் கோக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு மூன்று பெண்கள், இரண்டு கடன். நிம்மதியை அவர் எங்கே பார்த்தார்?

ஆகஸ்ட் 9, சனி. வேலூர்

பெங்களூரிலிருந்து வேலூருக்கு ஓசூர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் ஏறினேன். ஓசூரில் இறங்கி, யாரிடமாவது விசாரித்து, பையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ் பிடிக்கலாம் என்று திட்டம்.

"ஓசூர்லாம் எறங்கு" என்றார் கண்டக்டர். பையோடு எழுந்தேன். ஒரு அடி வைத்தேன். எங்கே போய் யாரை விசாரிப்பது? ஓசூர் என்ன சின்ன ஊரா? பின்னால் வந்தவர் "எறங்குறீங்களா இல்லையாம்மா?" என்று கேட்டார். "இல்ல, நீங்க போங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். மகளுடைய நம்பர் அந்தப் போனிலேயே இருக்கும். அந்த நினைப்பு எனக்கு அப்போது வரவில்லை என்று எழுதலாம். ஆனால் வந்தது.

புதன்கிழமை எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றை விட்டிருக்கிறேன். அன்று ஓசூரில் கண்டக்டர் என்னிடம் வந்து, "பக்கத்துல ஓசூர் டிக்கெட் ஒரு அம்மா இருந்தாங்களே, எங்க?" என்று கேட்டார். "கிருஷ்ணகிரிலயே எறங்கிட்டாங்க" என்றேன். பையை என் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் படியில் நின்று கீழே யாரிடமோ அதையே சொன்னார். யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

வேலூர் விடுதியில் வெந்நீர் இல்லை. இரண்டு நகைக்கடை, ஒரு மருந்துக்கடை பார்த்தேன். முருகன் படம்தான் இங்கே போகும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சென்னைக்குப் பஸ். பக்கத்து சீட்டுப் பெண், "பை கனமா இருக்கும் போல, மேல வச்சிரலாமேக்கா" என்றாள். மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள். சென்னை

காலையில் பார்த்தால் லேகிய டப்பா சாய்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. குழந்தைத் துணியெல்லாம் பழுப்பு. விடுதி மொட்டைமாடிக்கு எடுத்துப் போய்ச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். ஓரமெல்லாம் கையால் தைத்தது, தையல் உள்ளே உறுத்தாதபடி வெளிப்பக்கம் மடித்திருக்கிறார். கறை முழுதாகப் போகவில்லை. கொடியில் வரிசையாகக் காயப்போட்டேன்.

பக்கத்தில் துணி காயப்போட வந்த ஒருத்தி பார்த்துவிட்டு, "குட்டிக் குட்டியா என்ன அழகு! பாப்பாவுக்கு எத்தனை மாசங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் பொறக்கல" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பிறந்திருக்கும். துணி இங்கே சென்னையில் காய்கிறது, பிள்ளை எதைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறதோ? எனக்கு அழுகை வந்தது. அவள் என்ன நினைத்தாளோ, சட்டென்று கீழே போய்விட்டாள்.

போன் சார்ஜ் தீரவில்லை. நான்தான் அணைத்தேன். அங்கேயே கொடிக்குக் கீழே உட்கார்ந்து போனைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தேடுவதற்குள் அதுவே அடித்தது. 'மக' என்று வந்தது.

"அக்கா... பஸ்ல வந்த அக்காவா? போன் ஆனாயிருக்குன்னு மெசேஜ் வந்ததும் உடனே போட்டேன். நான் பூரணம் மக பாண்டிமீனா. பை ஒங்ககிட்டதான் இருக்கா?"

"இருக்குமா. அம்மா...?"

"அம்மா இங்கதான் இருக்காங்க. 'பக்கத்து சீட்டுப் பிள்ள அசந்து தூங்கிருச்சு, பைய அதுதான் பத்திரமா வச்சிருக்கும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்குப் பொம்பளப் பிள்ள பொறந்திருக்குக்கா."

நாளைக்கு நானே கொண்டு வந்து தருகிறேன் என்றேன். "ஒங்களுக்கு எதுக்குக்கா சிரமம்" என்றாள். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

இதை எழுதாமல் இனித் தூங்க முடியாது. நான் அன்றைக்குத் தூங்கவே இல்லை. அவர் இறங்கியதும் என் ஜன்னலுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். காற்று சுகமாக இருந்தது. குழாயடியில் அவரைப் பார்த்தேன். அவர் வந்து ஏறுவதற்கு ஐந்து நிமிடமாவது ஆகும். கண்டக்டர் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு "வந்தாச்சு" என்றேன். என் குரல்தான். பஸ் நகர்ந்த பிறகும் ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருக்கும். ஏழு மணி, தங்கராஜ், ஜன்னல். இந்த மூன்றில் எதற்காக அப்படிச் செய்தேன்? ஜன்னலுக்காகத்தான் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய். சேலம்

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மருமகன் குமரவேல் பைக்கோடு வந்து நின்றார். கம்பெனிச் சட்டை போட்ட ஒல்லியான பையன். பையை வாங்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தக் காலத்துல யாருக்கா இப்படித் தேடி வந்து குடுப்பாங்க?" என்றார்.

சின்ன வாடகை வீடு. குமரவேலின் அம்மா காபி கொடுத்தார். பாண்டிமீனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அம்மாவின் முகம் அப்படியே. பூரணம் அம்மா அடுப்படி வாசலில் நின்றார். "வா" என்றார். பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிய மனுசி, அந்த ஒரு வார்த்தையோடு சரி. பையைப் பிரித்து, டப்பாவைத் திறந்து, குழியைப் பார்த்தார். துணிகளை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

குமரவேல்தான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு மத்தியானத்துலருந்து பஸ் ஸ்டாண்டுலதான்க்கா நின்னேன். ஒங்க பஸ் வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். கிருஷ்ணகிரிலயே எறங்கிட்டாங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. அத்தைக்கு ஊர் தெரியாது, தப்பா எறங்கிட்டாங்களோன்னு பைக்க எடுத்துக்கிட்டு கிருஷ்ணகிரி ஓடினேன். அங்க தேடிக்கிட்டு இருக்கும்போது இவளுக்கு வலி எடுத்திருச்சு. எங்கம்மாதான் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. நான் அங்க கிருஷ்ணகிரில. அத்தை வேற பஸ் புடிச்சு இருட்டுனப்புறம் இங்க வந்து எறங்கியிருக்காங்க. போன் பையோட போச்சு, நம்பர் மனப்பாடமில்ல. வீடு எங்கன்னு தெரியாது. விடிய விடிய பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே இருந்திருக்காங்க. மறுநாள் காலையில நான் தேடிப் போய்த்தான் கூட்டிட்டு வந்தேன்."

"அம்மா அம்மான்னுதான்க்கா கத்துனேன்" என்றாள் பாண்டிமீனா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு."

அவள் சிரித்ததுதான் என்னைக் கொன்றது. அந்தக் கண்டக்டருக்குக் கிருஷ்ணகிரி என்று எடுத்துக் கொடுத்த வாய் இதோ உங்கள் காபியைக் குடிக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கிளம்பும்போது பூரணம் அம்மா உள்ளேயிருந்து வந்தார். நான் கொண்டு வந்த துணியில் சுற்றிய குழந்தையை மகள் மடியில் வைத்தார். பழுப்புக் கறை ஓரத்தில் தெரிந்தது.

"அக்கா கையில குடு, பாப்போம்" என்றார் அவளிடம்.

"பிள்ள பொறந்து பதினாறு நாள் கழியலையே, வெளியாளு..." என்று இழுத்தார் குமரவேலின் அம்மா.

"இருக்கட்டும் சம்பந்தி. குடுக்கட்டும்" என்றார் பூரணம் அம்மா.

கையை நீட்டினேன். கனமே இல்லை. சூடாக இருந்தது. கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. என் மகளை என் அம்மா வாங்கி எனக்குக் காட்டியது ஞாபகம் வந்தது. பூரணம் அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஷேர் ஆட்டோவில் கூட வந்தார். முட்டி வலியோடு சேலம் பஸ் நிற்கிற இடம் வரை நடந்தார்.

"பெரியம்மா, அன்னைக்கு நான் தூங்கல" என்றேன்.

"தெரியும். கொழாயடியில நிமுந்து பாத்தேன். நீயும் என்னையப் பாத்த. கையக் காட்டுனேன். நீ கண்ண மூடிக்கிட்ட."

"அப்புறம் ஏன் மககிட்ட நான் தூங்கிட்டேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நெசத்தச் சொன்னா பிள்ளைய ஒங் கையில குடுப்பாளா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொத மொத நான் வாங்க வேண்டிய பிள்ள. நர்சு வாங்குனா, சம்பந்தி வாங்குனாக. நான் இந்தா, இந்தப் பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். என்னத்தப் பறிச்சேன்னு ஒனக்குத் தெரியணும்ல? அதுக்குத்தான் குடுக்கச் சொன்னேன்."

அவர் காட்டிய பெஞ்சில் யாரோ வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சேலம் பஸ் வந்து நின்றது.

"ஏறு. எடுத்துருவான்" என்றார். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தேடினேன். அவர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 13, புதன். பஸ்ஸில்

காலையில் சேலம் விடுதியிலிருந்து குமரவேலுக்குப் போன் செய்தேன். கிருஷ்ணகிரி என்று கண்டக்டரிடம் சொன்னது நான்தான், பஸ்ஸில் நான் தூங்கவும் இல்லை என்று சொன்னேன். பின்னால் குழந்தை அழுவது கேட்டது. "சரிக்கா" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்ல?

மதுரை பஸ். காலி சாம்பிள் பெட்டி காலடியில். கட்டைப்பை இல்லாமல் மடி என்னவோபோல் இருக்கிறது. அண்ணாச்சி போன் செய்து, அடுத்த வருடமும் பெங்களூர் லைன் எனக்குத்தான் என்றார். சரி அண்ணாச்சி என்றேன். போன வாரம் இதைக் கேட்டிருந்தால் பஸ் என்றும் பாராமல் துள்ளியிருப்பேன்.

நாமக்கல் பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். அதே ஓட்டல் அல்ல, ஆனால் இங்கும் பக்கவாட்டில் ஒரு குழாய். நான் இறங்கவில்லை. எல்லோரும் ஏறிய பிறகு கண்டக்டர் முன்னாலிருந்து வந்தார். "பக்கத்துல ஆள் வந்தாச்சா? பாத்துச் சொல்லுங்க."

"வரல! இன்னும் வரல, எடுக்காதீங்க!"

எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் என் அருகில் வந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார், கையிலிருந்த டிக்கெட் மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இந்த சீட்டு சேலத்துலருந்தே காலிதான். யாருமே ஏறல."

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். விசில் அடித்ததும் பஸ் கிளம்பியது. குழாயடி மறைகிற வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.